இருபத்தொன்பதாம் வாரம்

ஒரு நூலகத்தின் இணையதளத்தை இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்க எந்த நாள் தோதுப்படும் என்று ஆறு மாதம் கூட்டம் போட்டுப் பேசியவர்கள் எங்களைத் தவிர உலகத்தில் வேறு யாராவது இருந்தால் அவர்களை நான் பார்க்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழ வேண்டும்.

என் பெயர் டீரா. சுவீடனில் இருக்கும் ஹெல்ஷோ நகர நூலகத்தின் இணையதளத்தைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். நான் ஒருத்திதான். பக்கம் எழுதுவது, படம் போடுவது, போட்ட படம் தலைகீழாக நிற்கிறது என்று திட்டு வாங்குவது எல்லாம் நானே. இந்தத் தளத்தை இயக்கும் மென்பொருள் கிழடு தட்டிவிட்டது. ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு பழைய பதிப்பில் ஓட்டை விழுந்தால் அடைக்க மாட்டோம் என்று அதைச் செய்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதற்குள் புதிய பதிப்புக்கு மாறாவிட்டால் செப்டம்பர் ஒன்றாம் தேதி தளத்தையே பிடுங்கிவிடுவோம் என்று நகராட்சிக் கணினிப் பிரிவு எழுத்தில் மிரட்டியிருந்தது.

தளம் போனால் போகட்டும், அலமாரியில் புத்தகம் இருக்கிறதே என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் வினை. ஆறு வருடத்துக்கு முன்பு ஏதோ ஒரு புத்திசாலி எல்லாவற்றையும் தளத்தின் லாகினில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுவிட்டான். நாங்கள் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போன பிறகும் நூலகம் பத்து மணி வரை திறந்திருக்கும். ஜூலையில் நாங்கள் யாரும் இல்லாமல் நாள் முழுக்கத் திறந்திருக்கும். உறுப்பினர் அட்டையைக் கதவில் காட்டி நாலு இலக்க எண்ணைத் தட்டினால் கதவு திறக்கும். அந்தக் கதவு, ஆள் சரியான ஆள்தானா என்று தளத்தைக் கேட்கும். கீழே உள்ள படிப்பறையின் பூட்டும் தளத்தைத்தான் கேட்கும். வைஃபையும் அப்படியே. தளம் படுத்தால் நூலகம் வெறும் பூட்டிய பெட்டி.

அந்தக் கதவை அதிகம் திறந்த மனிதர் ஹெனோக். நாலாம் நம்பர் பேருந்தின் ஓட்டுநர். எரித்ரியாவிலிருந்து வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு அறை வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். காலை ஷிப்ட் முடித்ததும் எங்கள் படிப்பறைக்கு வந்து கணக்குப் போடுவார். பெரியவர்களுக்கான பள்ளியில் அஞ்சல் வழியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தார். அதில் தேறினால்தான் பொறியியல் கல்லூரியில் இடம் கேட்க முடியும். இறுதித் தேர்வைக் கணினியில், கேமராவுக்கு முன்னால், மூடிய அறையில் தனியாக எழுத வேண்டும். முதல் முறை எழுதியபோது கடைக்குட்டி கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேமராவுக்குள் வந்து நின்றது. தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். இரண்டாம் முறை வீட்டு இணையம் நடுவில் அறுந்தது. மூன்று முறைதான் எழுத விடுவார்கள். மூன்றாவதும் போனால் பாடத்தை முதலிலிருந்து, மறுபடி ஒன்றரை வருடம்.

எனக்கு ஹெனோக்கை முகத்தைவிட எழுத்தில்தான் அதிகப் பழக்கம். மாதம் ஒரு மின்னஞ்சல் வரும். "வணக்கம் டீரா. அறை முன்பதிவுப் பக்கத்தில் வியாழக்கிழமைக்கு நேராக வெள்ளியின் தேதி காட்டுகிறது. அவசரமில்லை. ஹெனோக்." நான் நாலு முறை சரிசெய்தேன். கிழட்டு மென்பொருள் நாலு முறையும் அதைப் பழைய தப்புக்கே கொண்டுபோய் நிறுத்தியது. புதிய பதிப்பு வந்தால்தான் அது தீரும் என்று அவருக்கு எழுதினேன். "அவசரமில்லை" என்று பதில் வந்தது.

ஆக, எனக்குப் புதிய பதிப்பு வேண்டும், ஆகஸ்டுக்குள் வேண்டும், அதற்கு ஒரு நாள் வேண்டும். அவ்வளவுதானே? ஜனவரியில் அப்படித்தான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணிக் காபிக்கு நாங்கள் நாலு பேர் உட்காருவோம். தலைவி சூல்வேய்க். குழந்தைகள் பிரிவின் மிரியாம். நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் வில்கோட். அப்புறம் நான், சுவரில் மாட்டும் பெரிய வார அட்டவணையோடு. எங்கள் ஊரில் யாருக்கும் தேதி தெரியாது. பல் பிடுங்குவது பதினோராம் வாரம், கல்யாணம் இருபத்துமூன்றாம் வாரம், கூரைக்குப் பெயிண்ட் அடிப்பது முப்பத்துமூன்றாம் வாரம். கிறிஸ்துமஸ் எப்போது என்று கேட்டால்கூட ஐம்பத்திரண்டு என்று சொல்லிவிட்டு மேலே யோசிப்பவர்கள் நாங்கள்.

"எட்டாவது வாரம் வச்சுக்கலாமா?" என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ டீரா, ஒன்பதுல பனிச்சறுக்கு லீவு. எட்டுலதான் பசங்க நிகழ்ச்சிக்கெல்லாம் பேர் குடுப்பாங்க. என் வயித்துல அடிக்காதே," என்றாள் மிரியாம்.

"சரி, பத்து?"

"பத்துல எழுத்தாளர் கூட்டம். தளத்துலதான் சீட்டு. சுவாரஸ்யமான யோசனைதான், ஆனா..." என்று வில்கோட் இழுத்தான்.

எங்கள் ஊரில் ஒருவன் சுவாரஸ்யமான யோசனை என்று சொன்னால், செத்தாலும் முடியாது என்று அர்த்தம். முடியாது என்ற சொல்லை இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் ஜனவரியிலேயே சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

"பன்னெண்டு?"

"பன்னெண்டுல கம்பளி பின்னல் விழா."

"யாருக்குப்பா இந்த ஊர்ல பின்னல் விழா?"

"நூத்திநாப்பது பேர் வந்தாங்க போன வருஷம்," என்றான் வில்கோட், மனம் புண்பட்டு.

ஈஸ்டர் வாரம் கூடாது, கடன் வாங்கிப் படிப்பவர்கள் அதிகம். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கூடாது, திருப்பித் தருபவர்கள் அதிகம். பதினேழில் பள்ளிக்கூடங்கள் வருகின்றன. பதினெட்டில் சூல்வேய்க்குக்கு நகரமன்றத்தில் பேச்சு இருக்கிறது, அங்கே தளத்தைத் திறந்து காட்ட வேண்டுமாம். ராத்திரியில் மாற்றலாமா என்றால், மென்பொருள் நிறுவனத்தின் டூர்கெல் ராத்திரி வேலை செய்ய மாட்டான், சங்கம் ஒத்துக்கொள்ளாது. இருபத்துநாலில் பள்ளி முடிகிறது, கோடை வாசிப்புப் போட்டிக்குப் பிள்ளைகள் பெயர் பதிவார்கள். ஒவ்வொரு முறையும் சூல்வேய்க் லவங்கப்பட்டை போட்ட பன்னைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, "எல்லாருக்கும் எப்படித் தோணுது?" என்பாள். யாருக்கும் எப்படியும் தோன்றாது. "சரி, இதை எடுத்துட்டுப் போய் கொஞ்சம் ஊறப் போடுவோம்," என்பாள். ஆறு மாதம் ஊறினால் ஊறுகாயாவது ஆகும். எங்கள் விஷயம் அதுவும் ஆகவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில், ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம், ஹெனோக் ஓட்டுநர் சீருடையோடு என் மேஜைக்கு வந்தார். கையில் பள்ளியின் படிவம். தேர்வு எழுதும் இடத்தின் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். ஜூலை பதினெட்டாம் தேதி, காலை பத்து முதல் ஒரு மணி வரை, மூடிய அறையும் இணையமும் தடையில்லாமல் இருக்கும் என்று உறுதி தர வேண்டும். தேர்வு அந்த இடத்து இணையத்திலிருந்து மட்டும்தான் திறக்கும்.

"ஜூலைல ஏதாவது வேலை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஜூலைல இங்கே ஈ காக்கா இருக்காது. நீங்க தைரியமா எழுதுங்க," என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டேன். அறையையும் அவர் பெயரில் பதிவு செய்தேன். அவர் படிவத்தை மடிக்காமல், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனார்.

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் கையெழுத்துப் போட்டது ஒரு தேதிக்கு. என் தலையும் என் சுவரும் வாரத்தில் ஓடின. பதினெட்டாம் தேதி எந்த வாரத்தில் விழுகிறது என்று திரும்பிப் பார்க்க எனக்கு மூன்று நொடி ஆகியிருக்கும். பார்க்கவில்லை.

மே மாதக் கடைசியில் எனக்குப் பொறுமை தீர்ந்தது. வருடத்தின் ஐம்பத்திரண்டு வாரத்துக்கும் எத்தனை புத்தகம் போயிற்று என்று கட்டம் போட்டு வரைந்தேன். மலை மாதிரி எழும்பி இறங்கி, ஜூலை நடுவில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இருபத்தொன்பதாம் வாரம், மொத்தம் ஒன்பது புத்தகம்.

"இதோ, ஊரே தூங்குற வாரம். இதுல என்ன கெடும்?" என்றேன்.

"நான் அப்ப லீவுல இருப்பேனே," என்றாள் மிரியாம்.

"நானும்," என்றான் வில்கோட்.

"எல்லாரும் லீவுலதான். அதனாலதான் சொல்றேன்!"

"யோசிக்க வேண்டிய விஷயம். இதை எடுத்துட்டுப் போய்..." என்றாள் சூல்வேய்க். நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.

அப்புறம் நான் செய்தது நல்ல காரியம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒரு யோசனையை எல்லாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, ஐந்து நாளில் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் அது முடிவானதாக அர்த்தம். நான் அந்த மின்னஞ்சலை நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அனுப்பினேன். அந்த நேரத்தில் சுவீடனில் ஒரு உயிர் மின்னஞ்சல் பார்க்காது. எல்லார் காரிலும் ஸ்ட்ராபெர்ரி ஏறிவிட்டது, மீன் ஊறிக்கொண்டிருக்கிறது, மனசு ஏரிக்கரைக்குப் போய்விட்டது. செவ்வாய் மத்தியானம் ஐந்து நாள் முடிந்தது. மறுப்பு ஏதும் இல்லை. வார அட்டவணையில் இருபத்தொன்பதைச் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டு, தனியாக ஒரு பன் தின்றேன். இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு அது எனக்கு அமிர்தமாக இருந்தது.

டூர்கெல்லைத் தொலைபேசியில் பிடித்தேன். "நான் அப்ப படகுல இருப்பேன்மா. ஆனா பதினாலு படி எழுதித் தர்றேன், அதுபடி செய்தா அதுவா ஏறிக்கும். ஏதாவது சிக்கினா வியாழன் காலைல ஒன்பதரைலேர்ந்து பதினொன்னரை வரைக்கும் துறைமுகத்துல நிப்பேன், கூப்பிடறேன். அதுக்கப்புறம் சிக்னல் கிடையாது. முப்பத்துமூணாம் வாரம்தான்," என்றான்.

"என்ன சிக்கப் போகுது?" என்றேன்.

இருபத்தொன்பதாம் வாரம் புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். நூலகம் காலி. பன்னிரண்டு படி வெண்ணெய் மாதிரி போயிற்று. புதிய தளம் பளபளவென்று எழுந்தது. எல்லா வியாழக்கிழமைக்கும் வியாழக்கிழமையின் தேதியே இருந்தது. அதைப் பார்த்து நான் கைதட்டினேன். பதின்மூன்றாம் படி லாகின். யாராலும் உள்ளே போக முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. நகராட்சி சர்வரில் ஒரே ஒரு அனுமதியை மாற்ற வேண்டும், அதை நகராட்சிக் கணினிப் பிரிவுதான் மாற்ற முடியும்.

எழுதினேன். ஒரு நொடியில் தானாக ஒரு பதில் வந்தது. "நான் முப்பத்திரண்டாம் வாரம் திரும்புவேன், அவசரமென்றால் என் சக ஊழியருக்கு எழுதவும்." சக ஊழியருக்கு எழுதினேன். அவர் முப்பத்தொன்றில் திரும்புகிறார், அவசரமென்றால் பிரிவுத் தலைவருக்கு எழுதவும். பிரிவுத் தலைவருக்கு எழுதினேன். இனிய கோடை வாழ்த்துகள், அவசரமென்றால் என்று போட்டு முதல் ஆளின் பெயரே இருந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காட்டிவிட்டு எங்கோ வெயில் காய்கிறார்கள். இவர்கள்தான் செப்டம்பர் ஒன்றாம் தேதி பிடுங்கப் போகிறவர்கள்! மேஜையில் ஓங்கிக் குத்தினேன், கை வலித்தது. அன்று சாயங்காலம் வரை முட்டிப் பார்த்துவிட்டு, டூர்கெல்லுக்காகக் காத்திருப்பது என்று வீட்டுக்குப் போனேன்.

வியாழன் காலை ஒன்பதே காலுக்கு முன்வாசல் கண்ணாடியை யாரோ தட்டும் சத்தம். ஹெனோக். சீருடை இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் பை, கையில் அந்த பிளாஸ்டிக் உறை. உள்ளேயிருந்து பொத்தானை அமுக்கித் திறந்தேன்.

"நல்லவேளை நீங்க இருக்கீங்க. கதவு என்னைத் தெரியாதுன்னு சொல்லுது. ஆறு தடவை அட்டையைக் காட்டிட்டேன்," என்றார்.

"இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. உறைக்குள்ளிருந்து என் கையெழுத்து என்னைப் பார்த்தது.

"பதினெட்டு," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், ஏதாவது தகராறா?" என்றார்.

சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். தளம் பாதியில் நிற்கிறது, அதனால் வைஃபை திறக்காது, அறையும் திறக்காது. அறையை நான் சாவி போட்டுத் திறந்துவிடுவேன், வைஃபைக்கு என்னிடம் சாவி இல்லை. என் மேஜைக் கணினி நகராட்சியின் தனி வலையில் ஓடுவது, அதில் தேர்வு திறக்காது.

"உங்க போன் இணையத்துல எழுத முடியாதா?" என்று கேட்டேன், வெட்கமில்லாமல்.

"இங்கேயிருந்து மட்டும்தான் திறக்கும். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "பத்து மணிக்குத் திறப்பாங்க. பத்தே காலுக்குள்ள உள்ளே போகலைன்னா வரலைன்னு போட்டுடுவாங்க. அப்புறம் மூணாவதும் போச்சு," என்று சொல்லிவிட்டு, திருப்பித் தந்த புத்தகங்களை வைக்கும் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து மூன்று பென்சிலை எடுத்து, ஏற்கெனவே கூராக இருந்ததை மறுபடி கூராக்கினார்.

ஒன்பது இருபத்தொன்பதுக்கு டூர்கெல் அழைத்தான். பின்னால் கடற்பறவைகள் கத்தின.

"திரையைக் காட்டு, பார்க்கறேன்... ஆங், புரியுது. நகராட்சி ஆள் இல்லாமலே ஒரு குறுக்கு வழி போட்டுடலாம்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷமும் ஆகலாம், ரெண்டு மணி நேரமும் ஆகலாம்."

"பழைய தளத்தோட நகல் இருக்கு. அதைத் திரும்ப ஏத்தினா?"

"எதுக்கு? முக்கால்வாசி ஏறிட்டியே! நகலைப் போட்டா அரை மணில எல்லாம் பழையபடி ஆயிடும். ஆனா அப்புறம் நான் கிடைக்க மாட்டேன்மா. முப்பத்துமூணுல நான் வேற ஊருக்கு வேலை ஒத்துக்கிட்டேன். உனக்கு அடுத்த இடம் செப்டம்பர்லதான் கிடைக்கும். ஆகஸ்ட் கெடு உனக்கு ஞாபகம் இருக்கில்ல?"

ஆறு மாதம். பின்னல் விழா. குழாயைத் திறந்துவிட்டுச் சொன்ன கெட்ட வார்த்தை. நடுக்கோடை மின்னஞ்சல். எல்லாம் கண் முன்னால் வந்தது. பத்து நிமிடமாகவும் இருக்கலாம் என்று ஒரு பேராசை வேறு. இருக்கலாம் என்பதை வைத்து நான் சூதாடினால், என் பந்தயம் அந்த ஆளின் ஒன்றரை வருடம்.

"நகலைப் போடறேன், டூர்கெல். நீ போய்ப் படகை ஓட்டு."

"சுவாரஸ்யமான முடிவு," என்றான். நான் போனை வைத்தேன்.

நகல் ஏறுவதைக் காட்டும் கோடு நத்தையாக ஊர்ந்தது. பதினைந்து விழுக்காடு. இருபது. ஹெனோக் என் பின்னால் வந்து நின்றார்.

"எனக்காக உங்க வேலையைக் கெடுத்துக்கறீங்களா?"

"நான் கெடுத்ததை நானே சரி பண்றேன். தள்ளி நில்லுங்க, எனக்குப் பதட்டமா இருக்கு."

ஓரடி தள்ளி நின்றார். பிறகு, "நாலாம் நம்பர் பஸ்ல டயர் மாத்தணும்னா நாங்க கூட்டம் எல்லாம் போட மாட்டோம். ஆனா மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ளே ஏறி, சீட்ல யாராவது இருக்காங்களான்னு பார்ப்போம்," என்றார். குத்திக்காட்டுகிறாரா, வேடிக்கையாகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பத்து மணிக்கு எழுபத்தெட்டு விழுக்காடு. பத்து ஐந்துக்குத் தொண்ணூற்றொன்று. நான் கோட்டைப் பார்த்து, நகரு சனியனே நகரு, என்று வாய்விட்டுச் சொன்னேன். ஹெனோக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டின் தலையில் ஓடத் தயாராக நின்றார். பத்து எட்டுக்குக் கிழட்டுத் தளம் தன் மங்கிய நீல நிறத்தோடு எழுந்து நின்றது. வியாழக்கிழமைக்கு நேராக வெள்ளியின் தேதி. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

"ஓடுங்க!"

கீழே படிப்பறைக் கதவு அவர் அட்டையை ஏற்றுக்கொண்டு கிளிக் என்றது. நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்தேன். மூன்று மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண், கையில் குழந்தையோடு வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டாள், அவளைக்கூட ரகசியக் குரலில் அனுப்பினேன். ஒரு மணிக்கு ஹெனோக் மேலே வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"எப்படி?"

"தெரியாது. ஏழாவது கணக்கு நீளம்." ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

ஆகஸ்டில் எல்லாரும் பழுப்பேறித் திரும்பினார்கள். முதல் செவ்வாய்க்கிழமை, முதல் காபி. சூல்வேய்க் குறிப்பேட்டைத் திறந்து, "அப்கிரேடு எப்படிப் போச்சு? அப்படி ஒன்னு முடிவாச்சுன்னே எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது," என்றாள்.

"போகல. பாதியில நிறுத்திப் பழையதைப் போட்டுட்டேன்."

"காரணம்னு என்ன எழுதிக்க?"

"ஒருத்தருக்கு அன்னிக்குத் தேவைப்பட்டுது."

"ஒரே ஒருத்தருக்கா?" என்றாள் மிரியாம். "நீதானே கட்டம் போட்டுக் காட்டினே, அந்த வாரத்துல யாருமே இல்லைன்னு?"

அங்கேதான் எனக்கு வெடித்தது. "நான் புத்தகத்தை எண்ணினேன்! ஆளை எண்ணல! அவர் புத்தகமே எடுக்க மாட்டார், வந்து உட்காருவார். நாலு வருஷமா வந்து உட்கார்ந்திருக்கார், என் கட்டத்துல ஒரு புள்ளிகூட இல்ல. ஆறு மாசம் நாம நாலு பேரும் நமக்கு எது தோதுன்னு பேசினோம். கதவைத் திறக்கற ஒரு ஆளைக்கூடக் கேட்கல. நானும் கேட்கல. நடுக்கோடைக்கு முந்தின நாள் மெயில் அனுப்பினேன், யாரும் படிக்கக் கூடாதுன்னுதான் அனுப்பினேன். போதுமா? அதையும் எழுதிக்கோ."

எங்கே சிக்கியது என்று சூல்வேய்க் கேட்டாள், பதின்மூன்றாம் படியையும் அந்த மூன்று தானாக வந்த பதிலையும் சொன்னேன். சூல்வேய்க் பேனாவை மூடினாள். தொலைபேசியை எடுத்து நகராட்சிக் கணினிப் பிரிவுக்கு அடித்தாள். ஒன்றாம் தேதி தளத்தைப் பிடுங்குவார்களாமே என்று கேட்டாள். எதிர்முனை ஏதோ நீளமாக விளக்கியது. "இல்ல, முடியாது," என்றாள். பதினோரு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் முதல்முறையாகக் கேட்டேன். வில்கோட் பயந்து தன் கோப்பையை நகர்த்திக்கொண்டான். "அனுமதியை மாத்த உங்க ஆள் ஒருத்தரும் இல்லாம போனதுக்கு எங்க தளத்தை எப்படிப் பிடுங்குவீங்க? கிறிஸ்துமஸ் வரைக்கும் வேணும்." கிடைத்தது.

"அப்ப எந்த வாரம்?" என்று வில்கோட் கேட்டான்.

"கதவுல ஒரு தாள் ஒட்டப் போறேன்," என்றேன். "எந்த வாரம் தளம் நின்னா யாருக்கு என்ன கெடும்னு அவங்களே எழுதட்டும்."

"சுவாரஸ்யமான யோசனை," என்றான்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் ஒட்டினேன். முப்பத்தாறு முதல் ஐம்பது வரை வாரம், பக்கத்தில் அந்தந்த வாரத்தின் தேதி, பக்கத்தில் காலி இடம். ஒரு பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

பத்து நாளில் தாள் நிரம்பிவிட்டது. முப்பத்தெட்டில் ஒருத்திக்கு வேலைக்கான நேர்காணல், இங்கே உட்கார்ந்துதான் பேச வேண்டும். நாற்பதில் பாடகர் குழு. நாற்பத்திரண்டில் ஒரு பெரியவர், பேரனோடு திரையில் சதுரங்கம் ஆடுவார், வேறு இடம் இல்லை. நாற்பத்தைந்தில் பின்னல்காரர்கள், கோபமாக, மூன்று ஆச்சரியக்குறியோடு. ஒரு வாரம்கூடக் காலியில்லை. தாளின் முன் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். மீண்டும் முதலிலிருந்தா என்று முனகிக்கொண்டே அதைக் கிழித்தெடுக்கப் போனபோதுதான் அடி ஓரத்தில், பென்சிலில், கூரான சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்ததைப் பார்த்தேன்.

"எனக்கு இனி எந்த வாரமானாலும் சரி. கணக்கில் தேறிவிட்டேன். வியாழக்கிழமைத் தேதி இன்னும் தப்பாகத்தான் இருக்கிறது. அவசரமில்லை. ஹெனோக்."